எண்ணூறு பேர் இருக்கும் கோதுமை ஊரில் மூன்று வருடம்: மேற்கு கான்சஸில் எப்படி வாழ்கிறார்கள்?

கேள்வி: கணவருக்கு அமெரிக்காவின் மேற்கு கான்சஸில், கொலராடோ எல்லைக்குப் பக்கத்தில், எண்ணூறு பேர் இருக்கும் ஓர் ஊர் மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. விசா நிபந்தனைப்படி மூன்று வருடம் அங்கேதான் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வயது 6, 12. வீட்டில் சைவம். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் சுற்றிலும் வட்ட வட்டமாகப் பச்சை, நடுவில் நாலு தெரு, வேறொன்றும் இல்லை. இப்படி ஓர் ஊரில் எப்படி வாழ்கிறார்கள்? நாங்கள் என்னென்ன தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்?

பதில்:

அந்த வட்டங்களிலிருந்தே தொடங்குகிறேன். ஊரின் கதை பாதி அதில்தான் இருக்கிறது.

வயலின் நடுவில் ஓர் ஆழ்துளைக் கிணறு. அதிலிருந்து கால் மைல் நீளத்துக்கு ஒரு குழாய், சக்கரம் வைத்த கோபுரங்கள் மேல் நின்றபடி, கடிகார முள் போல மெதுவாகச் சுற்றிவந்து தண்ணீர் தெளிக்கிறது. கொலராடோவில் ஃபிராங்க் சைபாக் என்பவர் கண்டுபிடித்து 1952இல் காப்புரிமை வாங்கிய முறை. நிலம் 160 ஏக்கர் சதுரம். குழாய் சுற்றுவது வட்டம். ஆகவே சுமார் 125 முதல் 130 ஏக்கர் நனையும், நாலு மூலையும் காய்ந்து கிடக்கும். தண்ணீர் வருவது ஓகலாலா என்ற நிலத்தடி நீர்ப்படுகையிலிருந்து. எட்டு மாநிலங்களுக்கு அடியில் விரிந்திருக்கிறது. ஆனால் மேற்கு கான்சஸில் மழை வருடத்துக்கு 400 முதல் 500 மில்லிமீட்டர்தான், அதில் கீழே இறங்குவது மிகச் சொற்பம். எடுப்பது அதிகம், ஊறுவது குறைவு. படத்தை இன்னொரு முறை பாருங்கள், சில வட்டங்கள் பழுப்பாக இருக்கும். சிலது அறுவடையான வயல், சிலது கிணறு சுரக்காமல் மானாவாரிக்குத் திரும்பிய வயல். ஊர்க் காபிக் கடையில் தண்ணீர் பற்றிய பேச்சு வந்தால் குரல் சற்று மாறுவதைக் கவனிப்பீர்கள். அது அரசியல் இல்லை, சொத்து.

சதுரத்துக்கும் காரணம் உண்டு. இந்தச் சமவெளி முழுவதையும் அரசு ஒரு மைலுக்கு ஒரு மைல் கட்டங்களாக அளந்தது. ஒரு கட்டம் 640 ஏக்கர், கால் கட்டம் 160. 1862இல் வந்த ஹோம்ஸ்டெட் சட்டப்படி, ஐந்து வருடம் குடியிருந்து உழுதால் அந்தக் கால் கட்டம் சொந்தம். அந்தக் கட்டங்களின் ஓரங்களே இன்று சாலைகள். அதனால்தான் வழி கேட்டால் "இரண்டு வடக்கே, மூன்று மேற்கே" என்று மைல் கணக்கில் சொல்வார்கள். இடது, வலது என்று சொல்ல மாட்டார்கள். போய்ச் சேர்ந்த வாரமே திசைகளைப் படித்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாளில் சமையலறையில்கூட "தெற்குப் பக்க அலமாரி" என்று சொல்லத் தொடங்கிவிடுவீர்கள். ரயில் பாதை போட்டவர்கள், விவசாயி குதிரை வண்டியில் தானியத்தைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அன்றைக்கே வீடு திரும்பும் தூரத்தில், ஏழெட்டு மைலுக்கு ஓர் ஊர் என்று புள்ளி வைத்தார்கள். லாரி வந்த பிறகு அத்தனை ஊர் தேவைப்படவில்லை. ஊர்கள் சுருங்குவதற்கு முதல் காரணம் இதுவே. இரண்டாவது காரணம் இயந்திரம்: அப்போது 160 ஏக்கருக்கு ஒரு குடும்பம், இப்போது அப்பாவும் மகனுமாக இரண்டே பேர் மூவாயிரம், நாலாயிரம் ஏக்கர் பார்க்கிறார்கள். ஊர் சோம்பேறித்தனத்தால் காலியாகவில்லை. வேலைக்கு அத்தனை ஆள் வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

ஊருக்குள் நுழையும்போது பத்து மைலுக்கு முன்பே தெரியும் வெள்ளைக் கான்கிரீட் உருளைகளை எலிவேட்டர் என்பார்கள். மாடி ஏறும் லிஃப்ட் இல்லை, தானியக் கிடங்கு. லாரி முதலில் எடை மேடையில் ஏறும். மேலிருந்து ஒரு நீளக் குழாய் இறங்கி, சுமையின் பல ஆழத்திலிருந்து மாதிரியை உறிஞ்சும். ஈரப்பதம், ஒரு புஷலின் எடை, பதர், தூசி எல்லாம் பார்ப்பார்கள். கோதுமைக்கு ஒரு புஷல் 60 பவுண்டு, அதாவது 27 கிலோவுக்குச் சற்று மேல். ஈரப்பதம் 13.5 சதவீதத்தைத் தாண்டினால் விலையில் பிடித்தம். நம்மூர் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதத்துக்கு நடக்கும் அதே வாக்குவாதம், வேறு மொழியில். பிறகு லாரி குழிமேல் நின்று கொட்டும். வாளிகள் கோத்த பெல்ட் தானியத்தை நூறடிக்கு மேல் தூக்கிப்போய் உருளைக்குள் விடும். காலி லாரி மறுபடி எடை மேடைக்கு. மொத்தம் பத்து நிமிடம், வரிசை இல்லாவிட்டால்.

பெரும்பாலான ஊர்களில் அந்தக் கிடங்கு விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். 'கோ-ஆப்' என்பார்கள். டீசல், உரம், விதை, டயர், நாய்த்தீனி, காலைக் காபி எல்லாம் அங்கேதான். வருட லாபம், யார் எவ்வளவு வாங்கினார்கள், விற்றார்கள் என்ற கணக்கில் பிரித்துத் தரப்படும். நீங்கள் வெளியாள் என்றாலும் காருக்குப் பெட்ரோல் அங்கேயே போடுங்கள். உங்களைப் பற்றிய முதல் அபிப்பிராயம் அங்கே உருவாகும்.

விதைப்பு செப்டம்பர் கடைசியில். குளிர்காலக் கோதுமை என்பதால் முளைத்து, பனிக்கு அடியில் உறங்கி, குளிர் பட்டால்தான் வசந்தத்தில் கதிர் விடும். 1874இல் ரஷ்யாவிலிருந்து குடியேறிய மெனனைட் கிறிஸ்தவர்கள் கொண்டுவந்த 'டர்க்கி ரெட்' ரகத்தில் இந்தப் பழக்கம் வேரூன்றியது. மானாவாரியில் மூன்று வருடத்துக்கு இரண்டு பயிர் எடுப்பார்கள்: கோதுமை, அடுத்த வருடம் சோளம், பிறகு சுமார் ஒரு வருடம் தரிசு. தரிசாக விடுவது மண்ணில் ஈரம் சேர. அறுத்த தாளை அப்படியே நிற்க விட்டால் பனியைப் பிடித்து வைக்கும், காற்று மண்ணை அள்ளாது. இங்கே சோளம் என்றால் நம் சோளமே. அமெரிக்காவில் அதை அதிகம் விளைவிப்பது கான்சஸ். ஊரில் 'மைலோ' என்பார்கள். ஆனால் மாட்டுத் தீவனத்துக்கும் எத்தனாலுக்கும்தான் போகிறது. சோளப் பணியாரம் சுட்டுக் கொடுத்தால் வயலுக்குச் சொந்தக்காரரே முதல் முறையாகத் தன் பயிரைத் தின்றிருப்பார்.

அறுவடை ஜூன் நடுவில் தொடங்கி ஜூலை முதல் வாரம் வரை. இந்த மூன்று வாரத்தில் ஊரின் கடிகாரமே மாறிவிடும். காலையில் பனி ஈரம் இருப்பதால் பத்து, பதினொரு மணிக்கு மேல்தான் மெஷின் இறங்கும், இரவில் காற்று ஈரமாகித் தாள் முறுக்கேறும் வரை, சில நாள் நள்ளிரவு வரை ஓடும். முன்னால் வெட்டும் பகுதி 40 அடி அகலம். மணிக்கு 15, 20 ஏக்கர். ஏக்கருக்கு 40 புஷல், அதாவது ஆயிரத்துச் சொச்சம் கிலோ, வந்தால் மானாவாரியில் திருப்தியான விளைச்சல். ஒரு பெரிய லாரி 900 புஷல் கொள்ளும், ஆக மணிக்கு ஏறக்குறைய ஒரு லாரி நிரம்பிக்கொண்டே இருக்கும். மெஷின் நிற்காமலே பக்கத்தில் ஓடும் வண்டியில் கொட்டும். சொந்த மெஷின் போதாதவர்கள் கூலிக்கு அறுக்கும் குழுக்களை அழைப்பார்கள். அவர்கள் மே மாதம் டெக்சஸில் தொடங்கி, பயிர் பழுக்கப் பழுக்க வடக்கே நகர்ந்து, ஆகஸ்ட் கடைசியில் கனடா எல்லைப் பக்கம் போய்ச் சேர்வார்கள்.

இந்த அவசரம் ஏன் என்று கேட்கத் தோன்றும். பழுத்த கதிர்மேல் ஒரு கல்மாரி, அதாவது ஆலங்கட்டி மழை, பெய்தால் பத்து நிமிடத்தில் ஒரு வருட வருமானம் தரையில். காப்பீடு உண்டு, முழு இழப்பும் திரும்பாது. காய்ந்த தாளில் மெஷினின் சூடான பேரிங் ஒன்று பொறி விட்டால் வயலோடு மெஷினும் போகும். அதனால்தான் அந்த வாரங்களில் யாரையும் எந்த வேலைக்கும் கூப்பிட முடியாது. குழாய் ரிப்பேர்க்காரர் வயலில் லாரி ஓட்டிக்கொண்டிருப்பார், பள்ளி ஆசிரியரும் அப்படியே.

இங்கே ஒரு ஆபத்தைப் பற்றி விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும், பிள்ளைகள் இருப்பதால். தானியக் குவியல் மணல் போலத் திடமாகத் தெரியும். அடியில் தானியம் வெளியேறிக்கொண்டிருந்தால் அது திரவம். மேலே நிற்பவர் சில நொடியில் முழங்கால் வரை போவார், அதற்கு மேல் தன் பலத்தில் வெளியே வர முடியாது. அரை நிமிடத்துக்குள் தலை மறைந்துவிடும். ஈரத் தானியம் மேலே பாளமாக இறுகி, அடியில் வெற்றிடம் விட்டிருந்தால் இன்னும் மோசம். பாளம் உடைந்ததும் உள்ளே. கயிறு கட்டி இழுத்தாலும் வராது, தோள் கழன்றுவிடும். சுற்றிலும் தகடுகளை இறக்கி வளையம் அமைத்து, உள்ளே இருக்கும் தானியத்தை அள்ளினால்தான் ஆளை எடுக்கலாம். தானிய லாரியிலும் இதே கதைதான். நண்பனின் பண்ணைக்குப் பிள்ளை விளையாடப் போனால், தானியத்தின் மேல் ஏறக் கூடாது என்பதை மட்டும் கறாராகச் சொல்லி அனுப்புங்கள். பண்ணை வீட்டாரும் அதையே சொல்வார்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள். தானியத் தூசி காற்றில் மிதந்தால் வெடிமருந்துக்குச் சமம்: 1998 ஜூன் 8 அன்று விச்சிட்டா அருகே ஹேஸ்வில்லில் ஒரு பெரிய எலிவேட்டர் வெடித்து 7 பேர் இறந்தார்கள். அறுவடை நேரத்தில் அந்தப் பக்கம் வேடிக்கை பார்க்கப் போவதைத் தவிருங்கள்.

இன்னொன்று, வெள்ளைத் தொட்டிகளை இழுத்துப் போகும் வண்டிகள். உள்ளே நீரற்ற அம்மோனியா, தழைச்சத்து உரம். ஈரத்தைத் தேடிப் போகும் குணம் அதற்கு. கண், தொண்டை, ஈரத் தோல் எதையும் விடாது. மூக்கைத் துளைக்கும் வாடையோ தரையோடு தவழும் வெள்ளை மூட்டமோ தெரிந்தால் காற்று வரும் திசையை நோக்கி விலகுங்கள், காற்று போகும் பக்கம் ஓடாதீர்கள். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் வெறும் தண்ணீர், அதற்குப் பிறகுதான் மருத்துவமனை.

உரம் என்றதும் குடிநீர். ஊர்க் கிணற்று நீரில் நைட்ரேட் ஏறியிருக்கலாம். அமெரிக்க வரம்பு, நைட்ரஜன் கணக்கில், லிட்டருக்கு 10 மில்லிகிராம். காய்ச்சிக் குடித்தால் சரியாகும் என்று நினைப்பது நம் பழக்கம். நைட்ரேட் விஷயத்தில் அது தலைகீழ். தண்ணீர் ஆவியாகி நைட்ரேட் இன்னும் செறிவாகும். ஆர்ஓ வடிகட்டிதான் வழி. கைக்குழந்தை இருந்தால் இது மிக முக்கியம். ஊர் நீர் வாரியம் வருடம்தோறும் ஜூலைக்குள் தர அறிக்கை வெளியிட வேண்டும், அதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வீடு. விலை மலிவு, ஆனால் வீடே இல்லை என்பதுதான் சிக்கல். விற்பனைக்கு மூன்று வீடு இருந்தால் அது நல்ல வருடம். மருத்துவமனையே டாக்டர்களுக்கென்று வீடு வைத்திருப்பது வழக்கம். ஒப்பந்தம் போடும்போதே கேளுங்கள். வாங்குவதாக இருந்தால் கூரையைப் பாருங்கள். கல்மாரி அடித்துக் காப்பீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு ஓடு மாற்றாமல் விற்பவர்கள் உண்டு. காப்பீட்டில் காற்று, கல்மாரி இரண்டுக்கும் நம் கைப்பங்கு வீட்டு மதிப்பில் ஒன்று அல்லது இரண்டு சதவீதம் என்று தனியாக எழுதியிருக்கும், சின்ன எழுத்தில். நிலவறை இல்லாத வீடு வேண்டாம். ஊருக்கு வெளியே இருந்தால் அடுப்புக்கும் வெப்பத்துக்கும் புரொபேன் தொட்டி. 500 காலன் தொட்டியில் 400தான் நிரப்புவார்கள், விரிவுக்கு இடம் விட்டு. கோடையிலேயே நிரப்பிவிட்டால் விலை குறைவு. இணையம் பற்றிக் கவலை வேண்டாம்: உள்ளூர் தொலைபேசிக் கூட்டுறவுகள் பல இடங்களில் வீடு வரை ஃபைபர் இழுத்திருக்கின்றன. ஆச்சரியமான விஷயம், சென்னை அடுக்ககங்களைவிட மேல்.

கடை ஒன்றுதான் இருக்கும். மொத்த வியாபாரியின் லாரி வாரம் ஒரு முறை. குறைந்தபட்சக் கொள்முதல் இவ்வளவு என்று நிபந்தனை இருப்பதால், சின்னக் கடைகள் அதை எட்ட முடியாமலே மூடுகின்றன. அதைத் தடுக்க ஊர் மக்களே பணம் போட்டு நடத்தும் கடைகளும் உண்டு. லாரி வரும் நாளைத் தெரிந்துகொண்டு மறுநாள் காலை போனால் கொத்தமல்லி கிடைக்கும், நாலு நாள் கழித்துப் போனால் உருளைக்கிழங்கும் வெங்காயமும்தான். கடைக்காரரிடம் கேட்டால் பெட்டிக் கணக்கில் வரவழைத்துத் தருவார். தயிர், பச்சைப் பட்டாணி, காலிஃபிளவர் இப்படித்தான் வாங்க வேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் கார்டன் சிட்டி. மாட்டிறைச்சி ஆலைகளில் வேலைக்கு வந்த மெக்சிக்கர், வியட்நாமியர், சோமாலியர் வாழும் ஊர், ஆகவே கடைகளும் அப்படி. மெக்சிகன் கடையில் புளி, பச்சை மிளகாய், கொத்தமல்லி, சப்பாத்திக்கல்லுக்கு ஈடான கல் எல்லாம் உண்டு. துவரம் பருப்பு, உளுந்து, இட்லி அரிசிக்கு டென்வர் அல்லது விச்சிட்டா. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை போய், ஆள் உயர ஃப்ரீசர் ஒன்றில் சேமித்துக்கொள்வதே நடைமுறை. கறிவேப்பிலையைக் கழுவி, ஈரம் போக உலர்த்தி உறையவிடலாம். தொட்டியில் வளர்த்தால் அக்டோபர் தொடக்கத்தில் உறைபனி வருவதற்குள் உள்ளே எடுத்துவிடுங்கள், மே நடுப்பகுதி வரை வெளியே வைக்காதீர்கள். வெண்டை, மிளகாய், கத்தரி கோடையில் நன்றாக வரும், காற்றுத் தடுப்பு வைத்தால்.

கோதுமை ஊரில் சப்பாத்தி மாவு தேடுவது வேடிக்கைதான். கடையில் கிடைக்கும் சிவப்புக் கோதுமை மாவு சற்றுக் கசக்கும், சப்பாத்தி முரடாகும். வெள்ளைக் கோதுமை முழு மாவு என்று தனியாக இருக்கிறது, மேற்கு கான்சஸிலேயே விளைகிறது. நம் ஆட்டாவுக்குப் பக்கத்தில் வருவது அதுதான். இன்னொரு சமையல் விஷயம்: படத்தில் தட்டையாகத் தெரியும் இந்த நிலம் கடல் மட்டத்துக்கு 1,100 மீட்டர் மேலே இருக்கிறது, ஓசூரைவிட உயரம். தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரமாகும். குக்கர் எடுத்துப் போங்கள்.

வெளியே சாப்பிடுவது கடினம். ஊர் உணவகத்தில் மாடு, பன்றி, கோழி, பிறகு 'பை' என்ற பழம் வைத்துச் சுட்ட இனிப்பு. பள்ளி மதிய உணவில் மாட்டிறைச்சிக் காரக் குழம்புக்குத் தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை இனிப்பு ரொட்டி வைப்பது கான்சஸ், நெப்ராஸ்கா பழக்கம், விளக்கம் கேட்காதீர்கள். பிள்ளைகளுக்கு டப்பா கட்டிக் கொடுங்கள். 'டின்னருக்கு வாருங்கள்' என்று வயதானவர் அழைத்தால் அது மதியச் சாப்பாடு. இரவுக்கு 'சப்பர்'. ஏழு மணிக்குப் போய் நின்று அசடு வழிய வேண்டாம்.

பள்ளியில் ஒரு வகுப்புக்குப் பத்துப் பதினைந்து பிள்ளைகள் இருந்தால் அதிகம். ஆள் குறைவு என்பதால் அமெரிக்கக் கால்பந்தே பதினொரு பேருக்குப் பதில் எட்டுப் பேரோடு ஆடுவார்கள். இதன் விளைவு சுவாரசியமானது: நன்றாக ஆடத் தெரிந்தவனை மட்டும் எடுக்கும் வசதி கிடையாது, எல்லாப் பிள்ளையும் அணியிலும் இருக்கும், வாத்தியக் குழுவிலும் இருக்கும், நாடகத்திலும் இருக்கும். கூச்சமுள்ள பிள்ளைக்கு இது வரம். குறை என்னவென்றால் உயர்நிலைக் கணிதம், இயற்பியலுக்கு ஆசிரியர் இல்லாமல் காணொளி வழியாகவோ, பக்கத்துக் கல்லூரி மூலமாகவோ படிக்க வேண்டிவரும். மூத்த பிள்ளைக்கு 14 ஆகும்போது இன்னொரு விஷயம் வரும்: கான்சஸில் அந்த வயதிலேயே கார் பழகுநர் உரிமம் உண்டு, பண்ணைப் பிள்ளைகளுக்கு வேலைக்கும் பள்ளிக்கும் ஓட்டத் தனி உரிமமும் உண்டு. வகுப்புத் தோழர்கள் ஓட்டும்போது உங்கள் பிள்ளையும் கேட்கும், பதிலை இப்போதே யோசித்து வையுங்கள். சின்னவருக்குச் சைக்கிள் வாங்கினால் டயருக்குள் துளை அடைக்கும் திரவம் ஊற்றுங்கள். நம்மூர் நெருஞ்சி, அதே செடி, அங்கே சாலையோரமெல்லாம் படர்ந்து கிடக்கிறது.

உங்கள் கணவரின் வேலையைப் பற்றிச் சுருக்கமாக. 1997 சட்டப்படி அமைந்த இந்த வகைச் சிற்றூர் மருத்துவமனையில் 25 படுக்கைக்கு மேல் வைக்கக் கூடாது, சராசரித் தங்கல் 96 மணி நேரத்துக்குள். ஒரே டாக்டர் காலையில் வெளிநோயாளி, மதியம் முதியோர் இல்லம், இரவு அவசரப் பிரிவு என்று பார்ப்பார். மாரடைப்பு, பெரிய விபத்து என்றால் நிலைப்படுத்தி ஹெலிகாப்டரிலோ விமானத்திலோ அனுப்ப வேண்டும். பனிப்புயல் நாளில் அதுவும் வராது. ஆகவே ஒப்பந்தத்தில் மாதத்துக்கு எத்தனை இரவு அழைப்புப் பணி, மாற்று ஆள் யார், விடுப்பில் போனால் யார் பார்ப்பார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். சம்பளத்தைவிட மூன்று வருடத்தைத் தாங்க வைப்பது இதுதான். டாக்டர் குறைந்த ஊரில் மூன்று வருடம் வேலை பார்க்கும் வெளிநாட்டு டாக்டர்களுக்கு விசா சலுகை தருவது கான்ராட் திட்டம், அதில் மாநிலத்துக்கு வருடம் 30 இடம். மருத்துவமனைக்கு ஆள் கிடைப்பது அரிது, பேரம் பேசும் பலம் உங்களுக்கும் இருக்கிறது.

உங்களுக்குத்தான் கடினம் அதிகம், மறைக்க விரும்பவில்லை. அவருக்கு முதல் நாளிலிருந்து ஊரே தெரியும். உங்களுக்கு, துணைவருக்கான எச்-4 விசாவில், உடனே சம்பள வேலை பார்க்க முடியாது. ஆனால் இந்த ஊர் சம்பளமில்லா வேலையில்தான் ஓடுகிறது. தீயணைப்பு வண்டி ஓட்டுபவர், ஆம்புலன்சில் வருபவர், நூலகக் குழு, ஜூலையில் நடக்கும் மாவட்டக் கண்காட்சியில் ஊறுகாய்க்கு மதிப்பெண் போடுபவர் எல்லாம் தன்னார்வலர்கள், பெரும்பாலும் அதே இருபது பேர். புது ஆள் வந்தால் விடமாட்டார்கள். ஒன்றிரண்டுக்கு ஒப்புக்கொள்ளுங்கள், ஐந்துக்கு ஒப்புக்கொண்டால் மூச்சு முட்டும். தேவாலயத்துக்கு அழைப்பார்கள், வழிபாட்டுக்கு வரவில்லை, விருந்துக்கு வருகிறோம் என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். ஒரு வீட்டில் சாவு என்றால் சாப்பாடு கொண்டுபோவது அங்கேயும் வழக்கம். பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வராது.

செய்யக் கூடாத ஒன்று: எத்தனை ஏக்கர் இருக்கிறது, எத்தனை மாடு என்று கேட்பது. வங்கியில் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பதற்குச் சமம். மழை எவ்வளவு பெய்தது என்று கேளுங்கள், எவரும் மகிழ்ந்து பேசுவார்; ஒவ்வொரு வீட்டிலும் மழைமானி இருக்கும், தெருவுக்குத் தெரு கணக்கு மாறும். நிலம் உழுபவர் எல்லாம் அதற்குச் சொந்தக்காரரும் அல்ல. பாதி நிலம் நகரத்துக்குப் போய்விட்ட பங்காளிகளுடையது, விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு விட்டது. மானாவாரியில் வழக்கமான வாரம் நிலக்காரருக்கு மூன்றில் ஒரு பங்கு. தஞ்சாவூர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை.

சாலையில் எதிரே வருபவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். நீங்களும் தூக்குங்கள்.

வானிலையில் இரண்டு சொல்லைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். டொர்னாடோ 'வாட்ச்' என்றால் சுழற்காற்று உருவாகும் சூழல் இருக்கிறது, 'வார்னிங்' என்றால் கண்ணிலோ ரேடாரிலோ பட்டாயிற்று, உடனே நிலவறைக்கு. செருப்பல்ல, ஷூ போட்டுக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சைக்கிள் தலைக்கவசம் மாட்டி. ஊரில் ஊதும் அபாயச் சங்கு வெளியே இருப்பவர்களுக்காக. வீட்டுக்குள் ஏசி சத்தத்தில் கேட்காது, ஆகவே உங்கள் கவுண்டிக்கு (மாவட்டத்துக்கு) அமைத்த வானிலை ரேடியோ ஒன்று படுக்கையறையில் வையுங்கள். 2007 மே 4 இரவு கான்சஸ் கிரீன்ஸ்பர்க் ஊரில் 95 சதவீதம் அழிந்தது. இருந்தும் உயிரிழப்பு பெரிதாகாததற்குக் காரணம் முன்னெச்சரிக்கையும் நிலவறைகளும். மேற்கு ஓரத்தில் டொர்னாடோவைவிட அடிக்கடி வருவது கல்மாரியும் வெறும் காற்றும்.

காற்றோடு மண்ணும் வரும். 1920களில் புல்வெளியை உழுது கோதுமை போட்டு, 1930களில் மழை பொய்த்தபோது மேல்மண்ணே பறந்தது. 1935 ஏப்ரல் 14ஐ இன்றும் கறுப்பு ஞாயிறு என்கிறார்கள். இப்போது உழாமல் விதைப்பதால் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. 2025 மார்ச் 14 அன்று குட்லாந்து அருகே ஐ-70 நெடுஞ்சாலையில் புழுதி மறைத்து எழுபது வண்டிகளுக்கு மேல் மோதி 8 பேர் இறந்தார்கள். புழுதிச் சுவர் தெரிந்தால் சாலையை விட்டு முழுவதும் இறங்கி நிறுத்துங்கள், விளக்கை அணையுங்கள், பிரேக்கிலிருந்து காலை எடுங்கள். விளக்கு எரிந்தால் பின்னால் வருபவர் அதைச் சாலை என்று நம்பி வந்து மோதுவார்.

பனிக்காலத்துக்கு ஒரே விதி: டேங்க் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. அருகில் உள்ள பம்ப் ஐம்பது மைல் தள்ளி இருக்கலாம். காரில் கம்பளி, தண்ணீர், கொறிக்க ஏதாவது, மண்வாரி, கைவிளக்கு. புயலில் சிக்கினால் காரைவிட்டு நடக்காதீர்கள், அங்கே உயிர் போவது பெரும்பாலும் அப்படித்தான். மணிக்குப் பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டுங்கள், அதற்கு முன் புகைக்குழாயைப் பனி அடைத்திருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள். நெடுஞ்சாலையை வாயிற்கதவு போட்டே மூடுவார்கள். அப்போது செல்பேசி வழிகாட்டி சரளைச் சாலையைக் காட்டும், நம்பிப் போகாதீர்கள். மழைக்குப் பிறகும் அந்தச் சாலைகள் களிமண் வழுக்கல். ஆகஸ்டில் மக்காச்சோளம் ஆளுயரம் நிற்கும்போது மைல் சந்திப்புகளில் குறுக்கே வரும் லாரி தெரியாது, பல சந்திப்பில் பலகையும் கிடையாது. ஒவ்வொன்றிலும் வேகம் குறையுங்கள்.

எல்லையோர நாலு கவுண்டிகள் கான்சஸின் மற்ற பகுதியைவிட ஒரு மணி நேரம் பின்னால், டென்வர் நேரத்தில் இருக்கின்றன. உங்கள் ஊர் எதில் என்று பார்த்துவிட்டு, நிபுணரிடம் நேரம் வாங்கும்போது எந்த ஊர் நேரம் என்று கேளுங்கள்.

வேலை ஜூலையில் தொடங்கும் என்றால், மே கடைசிக்குள் போய் வீடு, தண்ணீர், மின்சாரம், ஃப்ரீசர் எல்லாம் முடித்துவிடுங்கள். ஜூன் 15க்குப் பிறகு இறங்கினால் சாமான் இறக்கக்கூட ஆள் கிடைக்காது. ஜூலை பத்துக்கு மேல் என்றால் பரவாயில்லை, எல்லோரும் தூங்கி எழுந்திருப்பார்கள்.